அலாரம் மக்கர் பண்ணுதா? வயரை புடுங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கடலூர்லயும் பாண்டிலயும் பதினோரு வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், கடைக்கு திருட்டு அலாரம், லாட்ஜுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஃபயர் பேனல், வீட்டுக்கு புகை டிடெக்டர், கேஸ் டிடெக்டர்னு. வர்ற போன் எல்லாம் சுத்திச் சுத்தி ஒரு ஏழெட்டு கம்ப்ளைன்டுக்குள்ளதான் நிக்குது. அதுல பாதி நீங்களே பத்து நிமிஷத்துல பாத்துடலாம், மீதியில கையே வைக்கக்கூடாது, எது எந்த வகைன்னு தெரியாமதான் தடுமாறுறாங்க. கடைசில கோவம் வந்து சைரன் வயரை புடுங்கி விட்டுடுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப பயம். ஏன் பயம்னு மூணாவது கம்ப்ளைன்ட்ல சொல்றேன்.

நம்ம ஊருக்குன்னு இன்னொண்ணு இருக்கு, உப்புக்காத்து. தேவனாம்பட்டினம், முதுநகர், முத்தியால்பேட்டை, வீராம்பட்டினம்னு கடலை ஒட்டி இருக்குற எடத்துல சும்மா முறுக்கி டேப் சுத்துன செம்புக்கம்பி ஜாயின்ட் ரெண்டு மூணு வருஷத்துல பச்சை பூத்துடும். அதனால சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி ஜாயின்டைப் பாருங்க, இதை நெறைய தடவை சொல்லுவேன், சலிச்சுக்காதீங்க.

கை வைக்குறதுக்கு முன்னாடி

அலாரம் அடிக்கும்போது புகை தெரியுது, கருகுற வாடை வருதுன்னா இதைப் படிக்காதீங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு போய் 101 இல்லன்னா 112 அடிங்க. பொய் அலாரமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

பேனல்னா எல்லா வயரும் வந்து சேர்ற, அலாரத்தோட மூளை மாதிரி பெட்டி. அதைத் திறக்கணும்னா முதல்ல மெயின் கரண்டை ஆஃப் பண்ணுங்க, உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல 230 வோல்ட் இருக்கு. உங்க அலாரத்தை கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து கவனிக்கிற கனெக்ஷன் இருந்தா அவங்களுக்கு போன் போட்டு டெஸ்ட் பண்றோம்னு சொல்லிடுங்க, இல்லன்னா நீங்க ஏணில நிக்கும்போது போலீஸ் வந்து நிக்கும். பக்கத்து கடைக்கும் ஒரு வார்த்தை. ஒரு மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், பழைய பெயின்ட் பிரஷ், ஏணியப் புடிக்க ஒரு ஆள், அவ்வளவு போதும்.

1. ராத்திரியில சும்மா சும்மா சைரன் அடிக்குது

வர்ற கம்ப்ளைன்ட்ல நம்பர் ஒன்னு இதுதான். எல்லாரும் பண்ற முதல் தப்பு, சைரன் அடிச்ச உடனே கோடு நம்பர் போட்டு ஆஃப் பண்ணிட்டு தூங்கப் போயிடுறது. ஆஃப் பண்ணுங்க, ஆனா கீபேட்ல எந்த ஜோன் நம்பர் (எந்தப் பகுதி சென்சார் அடிச்சுதுன்னு சொல்ற நம்பர்) காட்டுதுன்னு பாத்து எழுதி வைங்க, மணியும் எழுதுங்க, மழை பெஞ்சுதா, கரண்ட் போய் வந்துச்சான்னும் எழுதுங்க. மூணு தடவை எழுதுனீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா இனிமே வழி மூணா பிரியுது.

அ) ஒவ்வொரு தடவையும் ஒரே ஜோன், அது நடமாட்ட சென்சார்

சுவத்து மூலையில வெள்ளையா ஒரு டப்பா இருக்குமே, யாராவது நடந்தா சின்னதா லைட் எரியும், அதான் பி.ஐ.ஆர் சென்சார். முதல்ல கண்ணால பாருங்க. சிலந்தி கூடு கட்டியிருக்கா? கூட்டை விட சிலந்திதான் பிரச்சனை, முன்னாடி இருக்குற லென்ஸ் மேலயே அது நடந்தா சென்சாருக்கு ஆள் நடக்குற மாதிரி தெரியும். பிரஷ்ஷால தட்டிட்டு காஞ்ச துணியால தொடைங்க, ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீங்க.

அடுத்தது பல்லி. மஞ்சக்குப்பத்துல ஒரு மெடிக்கல் ஷாப், ஆறு நாளா தினம் ராத்திரி ரெண்டு மணி சுமாருக்கு அடிக்குது, ஓனர் சென்சாரையே மாத்தச் சொல்லிட்டாரு. மூடியக் கழட்டுனேன், உள்ள போர்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல மொச்சக்கொட்டை சைஸ்ல ரெண்டு பல்லி முட்டை, போர்டு ஓரத்துல எச்சம் காஞ்சு போய் ஒட்டியிருக்கு. வயர் வர்ற ஓட்டையை யாரும் அடைக்கல, அது வழியா உள்ள போய் வெதுவெதுப்பா இருக்குன்னு குடும்பம் நடத்தியிருக்கு. முட்டைய எடுத்துட்டு சுத்தம் பண்ணி ஓட்டைல சிலிக்கான் வச்சு அடைச்சேன், அதே சென்சார் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. அதனால சென்சார் மாத்துங்கன்னு யாராவது சொன்னா, திறந்து பாத்தீங்களான்னு ஒரு தடவை கேளுங்க.

அதுவும் இல்லன்னா எதிர்ல என்ன இருக்குன்னு பாருங்க. ஏசி காத்து நேரா சென்சார் மேல அடிக்குதா, பூட்டிட்டு போகும்போது ஃபேனை ஆஃப் பண்ணாம காலண்டர் ஆடுதா, காலைல கிழக்கு ஜன்னல் வழியா வெயில் வந்து விழுதா. வெயிலா இருந்தா அலாரம் தினம் ஒரே நேரத்துக்கு அடிக்கும், நீங்க எழுதி வச்ச மணி அப்போதான் உதவும். இதுக்கெல்லாம் சென்சாரை கொஞ்சம் திருப்புனா போதும். சில மாடல்ல உள்ள பல்ஸ்னு ஒரு சின்ன ஜம்பர் (புடுங்கி மாத்தி மாட்டுற குட்டி கிளிப்) இருக்கும், அதை ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாத்துனா ஒரே அசைவுக்கு அடிக்காம ரெண்டாவது அசைவுக்குத்தான் அடிக்கும். எலி ஓடுற குடோன், பூனை வர்ற வீடுன்னா அது நல்லா உதவும். எல்லாம் பாத்தும் அடிச்சா அப்புறம் மாத்துங்க.

ஆ) ஒரே ஜோன், ஆனா அது கதவு அல்லது ஷட்டர்

கதவுல ரெண்டு துண்டா இருக்கும், ஒண்ணு காந்தம், இன்னொண்ணுல வயர் வரும். கதவை மூடிட்டு ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க, சாதாரண சென்சாருக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நிம்மதி. மரக்கதவு மழைக்காலத்துல ஊதிக்கும், கீல் இறங்கும், அப்போ இடைவெளி கூடிடும். காந்தத்தை ரெண்டு ஸ்க்ரூ கழட்டி நகத்துனா முடிஞ்சுது.

ஷட்டர்னா கதை வேற. வீட்டுக்கதவுக்கு போடுற சின்ன பிளாஸ்டிக் சென்சாரை இரும்பு ஷட்டர்ல ஒட்டிட்டு போயிடுறாங்க, இரும்பு காந்தத்தோட பலத்தை குடிச்சிடும், அப்புறம் பீச் காத்துல ஷட்டர் ஒரு ஆட்டம் ஆடுனாலே அலாரம்தான். ஷட்டருக்குன்னே தரையில போடுற கனமான அலுமினிய சென்சார் வருது, அதைப் போடுங்க. பூட்டு போடுற எடத்துல ஷட்டர் லொடலொடன்னு ஆடுதான்னும் பாருங்க, ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் இறுக்கமா இருந்தாலே பாதி சரியாகும்.

இ) ஜோன் மாறி மாறி வருது, இல்லன்னா மழை பெஞ்சா மட்டும் வருது

இது வயர். கண்ணை மூடிட்டு சொல்லலாம். செக் பண்றது இப்படி. பேனல்ல அந்த ஜோனுக்கு வர்ற ரெண்டு வயரையும் கழட்டிடுங்க, அதே ரெண்டு ஸ்க்ரூல பேனலோட வந்த எண்ட் ரெசிஸ்டர் (வயரோட கடைசி முனையில மாட்டுற சின்ன மின்தடை) ஒண்ணை மாட்டுங்க. மதிப்பு பேனலுக்கு பேனல் மாறும், மூடி உள்பக்கமோ புக்லயோ போட்டிருக்கும், அதே மதிப்புதான் போடணும். இப்போ ஜோன் நார்மல் ஆயிடுச்சா, பேனல் நல்லா இருக்கு, கோளாறு வெளிய. நார்மல் ஆகலையா, பேனல்தான் கெட்டிருக்கு, ஆளைக் கூப்புடுங்க.

வெளியன்னு தெரிஞ்சா, கழட்டுன ரெண்டு வயர்லயும் மீட்டரை ஓம்ஸ்ல வச்சுப் பாருங்க, கதவெல்லாம் மூடியிருக்கணும். ரெசிஸ்டர் மதிப்பு கிட்டத்தட்ட வந்தா சரி. ஒண்ணுமே காட்டலன்னா எங்கயோ அறுந்திருக்கு. பூஜ்யம் கிட்ட வந்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்பர் நிக்காம ஏறி ஏறி இறங்குதுன்னா, ஜாயின்ட்.

ஜாயின்ட் எங்க இருக்கும்? ஃபால்ஸ் சீலிங் மேல, ஷட்டர் பெட்டிக்குள்ள, சுவரைத் தாண்டி வெளிய போற எடத்துல. முத்தியால்பேட்டைல ஒரு வீட்ல எடுத்த ஜாயின்டை இப்பவும் நெனைச்சா கண்ணுல நிக்குது, கருப்பு டேப் பிசினா உருகி விரல்ல ஒட்டுது, உள்ள கம்பி பச்சைப் பொடியா உதிருது, லேசா இழுத்தேன், பட்டுன்னு கையோட வந்துடுச்சு. அந்த மாதிரி இருந்தா பச்சை பூத்த வரைக்கும் வெட்டிட்டு, பளபளன்னு செம்பு தெரியுற எடத்துல இருந்து புதுசா ஜாயின்ட் போட்டு ஈயம் வச்சு, மேல சுருங்குற ட்யூப் போட்டு மூடுங்க. டேப் மட்டும் சுத்துனா அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் இதே வேலை.

சுவத்துக்குள்ள புதைச்ச பைப்ல கோளாறுன்னா நீங்க தேடாதீங்க. புது வயர் இழுக்கணுமா, இல்ல அந்த ஒரு சென்சாரை மட்டும் வயர்லெஸ்ஸா மாத்தலாமான்னு டெக்னீஷியன் பாத்துதான் சொல்லணும். ஒயிட் டவுன் பக்கம் பழைய சுண்ணாம்பு வீடுங்கள்ல சுவர் அவ்வளவு கனம், வயர்லெஸ் சிக்னலே சரியா வராது, அங்க டெஸ்ட் பண்ணாம வாங்காதீங்க.

2. கரண்ட் போனா பேனலும் செத்துடுது, இல்லன்னா கீபேட் பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்கு

பேட்டரி. பெரும்பாலான திருட்டு அலார பேனல்ல 12 வோல்ட் 7 ஏ.எச் பேட்டரிதான் உள்ள இருக்கும், சின்ன செங்கல் மாதிரி. நம்ம ஊரு வெக்கையில மூணு வருஷம் ஓடுனாலே பெரிசு. போட்ட தேதியை அது மேல மார்க்கர்ல எழுதி வைங்க, எழுதலன்னா எத்தனை வருஷம் ஆச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

முதல்ல, யாராவது பேனலோட பிளக்கை புடுங்கிட்டு செல்போன் சார்ஜர் போட்டுட்டாங்களான்னு பாருங்க. கடைப் பசங்க பண்ணுவாங்க, பேனல் பேட்டரில சில மணி நேரம் ஓடிட்டு அப்புறம் கத்த ஆரம்பிக்கும். அது இல்லன்னா ஃபியூஸ். அதுவும் நல்லா இருந்தா மீட்டரை எடுங்க.

பேனலைத் திறந்த அப்புறம் கரண்டை மறுபடியும் ஆன் பண்ணிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கை போகாம பாருங்க, பேட்டரி முனையில 13.5ல இருந்து 13.8 வோல்ட் வரைக்கும் வரணும், அதுதான் சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். இப்போ மெயினை ஆஃப் பண்ணி ஒரு கால் மணி நேரம் விட்டுட்டு மறுபடியும் பாருங்க, 12.5க்கு மேல நின்னா பரவால்ல. அப்புறம் சைரனை பத்து செகண்ட் அடிக்க விட்டுக்கிட்டே பாருங்க, நம்பர் சரசரன்னு 11க்கு கீழ இறங்குனா பேட்டரி முடிஞ்சுது, சும்மா இருக்கும்போது 12.5 காட்டுதுன்னு நம்பாதீங்க, இந்த எடத்துலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. புதுசு மாட்டும்போது சிவப்பு சிவப்புல, கருப்பு கருப்புல, மாத்திக் குடுத்தா பேனலே போயிடும்.

டெக்னீஷியன் எப்போ? பேட்டரி வயிறு உப்பியிருந்தா, இல்லன்னா சார்ஜ் வோல்டேஜ் 14.5ஐத் தாண்டுனா. அது பேட்டரி தப்பில்ல, சார்ஜர் பகுதி கெட்டுருக்கு, புது பேட்டரி போட்டாலும் அதையும் வேக வச்சிடும். உப்புன பேட்டரியை வீட்ல வைக்காதீங்க, பழைய பேட்டரி எடுக்குற கடையில குடுத்துடுங்க.

2011ல தானே புயல் அடிச்சப்போ கடலூர்ல எத்தனையோ ஊருக்கு வாரக்கணக்கா கரண்ட் இல்லாம கெடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 7 ஏ.எச் பேட்டரி அவ்வளவு நாள் தாங்காது, மணிக்கணக்குதான் தாங்கும். புயல் வருதுன்னு சொன்னா பேனலை இன்வெர்ட்டர் லைன்ல போட்டு வைங்க, வைஃபை டப்பாவையும் சேத்து.

3. சைரன் அடிக்கவே இல்ல

நேரு வீதிக்குப் பக்கத்து சந்துல ஒரு துணிக்கடை, பேரு வேணாம். நான்தான் அலாரம் போட்டுக் குடுத்தேன், திருட்டுக்கும் புகைக்கும் சேத்து ஒரே பேனல். ஷட்டர் சென்சார் லூஸ் ஆகி ராத்திரியில நாலஞ்சு தடவை அடிச்சிருக்கு, மாடில குடியிருக்குறவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. கடைக்கார அண்ணன் என்னைக் கூப்புடாம ஏணி போட்டு ஏறி ஹூட்டர் (சைரன் சத்தம் போடுற டப்பா) வயரை கட் பண்ணி டேப் சுத்திட்டாரு. கீபேட்ல பச்சை லைட் எரியுது, தினம் கோடு நம்பர் போட்டு பூட்டிட்டுப் போறாரு, எல்லாம் சரியாத்தான் இருக்குற மாதிரி தெரியுது. நாலு மாசம் கழிச்சு ஸ்டாக் ரூம்ல ஒரு ஸ்விட்ச் போர்டு பத்திக்கிச்சு. மறுநாள் போய் பேனல் மெமரியைப் பாத்தேன், ராத்திரி 1.40க்கு புகை ஜோன்னு பதிவாகியிருக்கு. பால் வண்டிக்காரர் புகையைப் பாத்து சத்தம் போட்டப்போ மணி மூணேகாலுக்கு மேல. ஒரு உயிருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா மாடில ரெண்டு கொழந்தைங்க தூங்கிட்டு இருந்துச்சு. அந்த ஒன்றரை மணி நேரத்தை என்னால மறக்க முடியல. சர்வீஸுக்கு நடுவுல ஒரு தடவை போயிருந்தேன், கீபேடைப் பாத்துட்டு வந்துட்டேன், சைரனை அடிக்க விட்டுப் பாக்கல. அன்னைல இருந்து சைரன் சத்தம் என் காதுல விழாம எந்த எடத்துலயும் கையெழுத்து வாங்குறதில்ல.

அதனால செக் பண்ற வரிசை இது. முதல்ல ஹூட்டர் கிட்ட ஏறிப் பாருங்க, வயர் முழுசா இருக்கா, யாராவது கழட்டியிருக்காங்களா, ஓட்டைல துணி அடைச்சிருக்காங்களா, குளவி கூடு கட்டியிருக்கா. வெளிய மாட்டுன ஹூட்டர்ல குளவி சகஜம். அப்புறம் பேனல்ல சைரன் முனையில மீட்டர் வச்சு அலாரத்தை அடிக்க விடுங்க, 12 வோல்ட் பக்கத்துல வருதா? வந்தா பேனல் சரி, வயரோ ஹூட்டரோதான், ஹூட்டரைக் கழட்டி நேரா பேட்டரில ஒரு செகண்ட் தொட்டுப் பாருங்க, கத்துனா வயர், கத்தலன்னா ஹூட்டர் மாத்துங்க, பெரிய செலவில்ல. பேனல் முனையிலயே வோல்டேஜ் வரலன்னா ஃபியூஸ், அதுவும் சரின்னா செட்டிங்ல சைலன்ட்னு போட்டிருக்கலாம், அதுவும் இல்லன்னா ஆளைக் கூப்புடுங்க.

மாசம் ஒரு தடவை, பட்டப்பகல்ல, அஞ்சு செகண்ட் அடிக்க விடுங்க. தொந்தரவா இருக்குன்னா ஜோனை தற்காலிகமா பைபாஸ் பண்ணலாம், ஒரு ஜோன் மட்டும்தான் தூங்கும், மத்தது முழிச்சிருக்கும். வயரை மட்டும் தொடாதீங்க.

4. சைரன் அடிக்குது, ஆனா போன் வரல

சிம் ரீசார்ஜ். முதல்ல அதைப் பாருங்க, வேற எதையும் யோசிக்காதீங்க. பேனல்ல இருக்குற சிம்மை யாரும் ஞாபகம் வச்சு ரீசார்ஜ் பண்றதில்ல, 90 நாள் தொடர்ந்து யூஸ் ஆகாம இருந்தா நம்பரையே கட் பண்ணிடலாம்னு ரூல் இருக்கு. உங்க போன்லயே அந்த நம்பரை ‘அலாரம்’னு சேவ் பண்ணி வருஷ பிளான் போட்டுடுங்க.

ரெண்டாவது, சிம் கம்பெனி. பழைய பேனல்ல இருக்குறது 2ஜி மாட்யூல், ஜியோவுக்கு 2ஜியே கெடையாது, அதனால ஜியோ சிம் போட்டா வேலை செய்யாது. பேனலும் நல்லா இருக்கும், சிம்மும் நல்லா இருக்கும், ரெண்டும் பேசிக்காது. 2ஜி இருக்குற கம்பெனி சிம் போடுங்க, இல்லன்னா 4ஜி மாட்யூல் மாத்துங்க.

மூணாவது, சிம்மை ஒரு போன்ல போட்டுப் பாருங்க, பின் நம்பர் கேட்டா அந்த லாக்கை எடுத்துடுங்க. நாலாவது உங்க போன். ஸ்பேம் தடுக்குற ஆப் அந்த நம்பரை பிளாக் பண்ணியிருக்கலாம், ராத்திரி சைலன்ட்ல போட்டுத் தூங்கலாம், அந்த ஒரு நம்பருக்கு மட்டும் சைலன்ட்லயும் ரிங் வர்ற மாதிரி செட் பண்ணிக்கலாம். அஞ்சாவது ஆன்டெனா, இரும்புப் பெட்டிக்குள்ளயே சுருட்டி வச்சிருந்தா வெளிய எடுத்து விடுங்க.

ஒரே ஒரு நம்பர் மட்டும் போட்டு வைக்காதீங்க. ஓனர், மேனேஜர், கடை பக்கத்துலயே குடியிருக்குற ஒருத்தர், இப்படி மூணு. ஓனர் திருப்பதில இருந்தா போன் வந்து என்ன பண்றது.

5. புகை டிடெக்டர் தொல்லை

நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ‘கிக்’னு ஒரு சின்ன பீப்

பேட்டரி தீரப்போகுது, அவ்வளவுதான். வீட்டுக்கு வர்ற தனி டிடெக்டர்ல பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரி, மாத்துங்க. புது பேட்டரி போட்டும் கத்துனா பின்னாடி தயாரிச்ச தேதியைப் பாருங்க, 10 வருஷம் ஆயிருந்தா டிடெக்டரையே மாத்தணும்.

வெள்ளிக்கிழமை ஆனா அடிக்குது

சாம்பிராணி. கடைக்குக் கடை இதே கதைதான், ஆயுத பூஜை அன்னைக்கு எனக்கு போன் ஓயாது. டிடெக்டர் சரியாத்தான் வேலை செய்யுது, அதைத் திட்டாதீங்க. சாமி படத்துக்கு நேர் மேல இருந்தா அதை நாலஞ்சு அடி தள்ளி மாட்டச் சொல்லுங்க. அடுப்பங்கரையில தாளிக்கிறப்போ அடிக்குதுன்னா அங்க புகை டிடெக்டரே கூடாது, சூட்டுக்கு அடிக்கிற ஹீட் டிடெக்டர் போடணும், சாதாரணமா 57 டிகிரிக்கு அடிக்கிறது கெடைக்கும். கழட்டி பரண்ல போட்டுடாதீங்க.

காரணமே இல்லாம அடிக்குது

தூசி, இல்லன்னா உள்ள பூச்சி. மூடியைச் சுத்தி இருக்குற ஓட்டைல வேக்யூம் வச்சு இழுங்க, இல்லன்னா பிரஷ். தண்ணி வேணாம். பாத்ரூம் வாசல்ல இருந்தா வெந்நீர் ஆவி.

டெஸ்ட் பட்டன் அழுத்துனா அடிக்குது, புகைக்கு அடிக்கல

மேல பாருங்க, சிவப்பு இல்ல மஞ்ச கலர்ல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கா? பெயின்ட் அடிக்கும்போது தூசி போகக்கூடாதுன்னு போடுற மூடி அது, வேலை முடிஞ்சதும் கழட்ட மறந்துடுறாங்க. வில்லியனூர் பக்கம் ஒரு மண்டபத்துல பதினாலு டிடெக்டர்ல பதினொண்ணுல அந்த மூடி அப்படியே இருந்துச்சு, ரெண்டு வருஷமா, அதுக்குள்ள எத்தனை முகூர்த்தம் நடந்திருக்கும்னு நெனைச்சா எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல. பட்டன் அழுத்துனா சர்க்யூட் வேலை செய்யுதுன்னுதான் தெரியும், புகை உள்ள போகுதான்னு தெரியாது. அதுக்குன்னே ஸ்ப்ரே வருது, சர்வீஸ் ஆளை அதை அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. பேப்பரைக் கொளுத்திக் காட்டுறவரை ஏணில ஏத்தாதீங்க.

6. ஃபயர் பேனல்ல மஞ்ச லைட், ‘ஃபால்ட்’

இதுல உங்க வேலை ரொம்பக் கம்மி, சீக்கிரமா ஆளைக் கூப்புடுறதுதான் நல்லது. ஆனா கூப்புடுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாக்கலாம்.

எந்த ஜோன்னு பாருங்க, அந்த மாடியில சுத்திப் பாருங்க, பெயின்டரோ ஏசிக்காரரோ ஒரு டிடெக்டரைக் கழட்டி டேபிள் மேல வச்சிருப்பாரு, திருப்பி மாட்டுனா ஃபால்ட் போயிடும். உடைச்சு அழுத்துற சிவப்புப் பெட்டி ஒண்ணு தொங்கிக்கிட்டு இருக்கலாம். மெயின் ஃபால்ட்னு காட்டுனா பேனலுக்கு வர்ற எம்.சி.பி (தானா விழுற ட்ரிப் சுவிட்ச்) விழுந்திருக்கான்னு பாருங்க. பேட்டரி ஃபால்ட்னா ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட் குடுக்கும், மாத்துனா ரெண்டையும் சேத்துதான் மாத்தணும், ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா புதுசும் சீக்கிரம் போயிடும்.

எர்த் ஃபால்ட்னு காட்டுனா எங்கயோ தண்ணி எறங்கி வயர் இரும்பைத் தொடுது. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல்ல பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் இந்த ஒரு வேலைதான் பாத்தேன். தண்ணில மூழ்குன பேனலை வெயில்ல காய வச்சுட்டு ஆன் பண்ணிடாதீங்க, வெளிய காஞ்சிருக்கும், போர்டு கால்களுக்கு நடுவுல உப்பும் சேறும் இருக்கும்.

பஸர் சத்தம் தாங்கலன்னு சைலன்ஸ் அழுத்தலாம், தப்பில்ல, ஆனா அன்னைக்கே ஆளைக் கூப்புடுங்க. சைலன்ஸ் பண்ணி டேப் ஒட்டி வருஷக்கணக்கா விட்ட லாட்ஜுங்களைப் பாத்திருக்கேன், அங்க மேல் மாடில ரூம் எடுத்துத் தங்குறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? சரியாகுற வரைக்கும் ராத்திரி ஒரு ஆளை மணிக்கு ஒரு தடவை மாடி மாடியா சுத்தி வரச் சொல்லுங்க.

7. தீயணைப்பு சிலிண்டர்

சிவப்பு சிலிண்டர்ல மீட்டர் முள்ளு பச்சைல இருக்கணும். சிவப்புக்கு எறங்கிட்டா ரீஃபில். பச்சைல இருந்தாலும், உள்ள இருக்குற பவுடர் வருஷக்கணக்கா நின்னு அடியில இறுகியிருக்கலாம், மாசம் ஒரு தடவை எடுத்து தலைகீழா ரெண்டு தடவை கவுத்து நிமித்துங்க. கருப்பு ஊதுகுழல் இருக்குற சி.ஓ.2 சிலிண்டர்ல மீட்டரே இருக்காது, எடை போட்டுத்தான் பாக்கணும், அதை ரீஃபில் பண்றவர்கிட்ட விடுங்க. கடலோரத்துல அடிப்பாகம் துருப்புடிச்சிருந்தா அது அழுத்தம் நெறைஞ்ச பாத்திரம், தட்டிப் பாக்காதீங்க, மாத்திடுங்க. முன்னாடி சாக்கு மூட்டை அடுக்காதீங்க.

8. கேஸ் டிடெக்டர் அடிக்குது

இதுக்கு மட்டும் வரிசையே வேற. முதல்ல கேஸ் லீக்குன்னுதான் எடுத்துக்கணும், பொய் அலாரமான்னு அப்புறம் பாக்கலாம். சுவிட்ச் எதையும் போடாதீங்க, எரியுற லைட்டை அணைக்கவும் செய்யாதீங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் கூடவே கூடாது. ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க, வெளிய வந்து போன் பண்ணுங்க, சமையல் கேஸ் லீக்குக்குன்னே 1906 இருக்கு.

அவங்க வந்து பாத்து லீக் இல்லன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் டிடெக்டர் பக்கம் வாங்க. கொசு ஸ்ப்ரே, சென்ட், தின்னர், வார்னிஷ் வாடைக்கும் அது அடிக்கும். பின்னாடி காலாவதி தேதி இருக்கும், தாண்டியிருந்தா மாத்துங்க. அப்புறம் எங்க மாட்டியிருக்குன்னு பாருங்க, சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், தரையோட படியும், அதனால தரைல இருந்து ஒரு அடி உயரத்துல மாட்டணும், நெறைய வீட்ல கூரைக்குப் பக்கத்துல மாட்டியிருக்காங்க, அங்க இருந்தா, லீக் ஆன கேஸ் தரைல இருந்து அடுப்பு உயரத்துக்கு ஏறுன அப்புறமும் அது சும்மாதான் இருக்கும். ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூபுக்கு 5 வருஷம்தான் கெடு, அதுல அச்சடிச்சிருக்குற தேதியையும் அப்பவே பாத்துடுங்க.

ஆளைக் கூப்புடும்போது

‘அண்ணே அலாரம் ஒர்க் ஆகல, உடனே வாங்க’ன்னு மட்டும் சொன்னா நான் எந்த சாமானை எடுத்துட்டு வர்றது? எந்த ஜோன், என்ன மணி, மழையா வெயிலா, கரண்ட் போச்சா, பேட்டரி போட்ட தேதி, கடைசியா யார் எதைத் தொட்டாங்க, பெயின்ட் வேலையோ ஏசி வேலையோ நடந்துச்சா, இவ்வளவும் சொல்லுங்க. யாராவது வயரைக் கழட்டியிருந்தா அதையும் மறைக்காம சொல்லிடுங்க, நான் திட்ட மாட்டேன். அப்புறம் ரீசெட் அழுத்துறதுக்கு முன்னாடி பேனலை செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எந்தெந்த லைட் எரியுதுன்னு தெரியுற மாதிரி கிட்டத்துல வச்சு.